மல்பெரிப் பள்ளத்தாக்கின் குற்றமற்ற நாய்கள்

நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்த அன்று தொடங்கியது என்றும், சக்கரத்தை உருட்டிய அன்று தொடங்கியது என்றும் சொல்கிறவர்கள் கென்டக்கிப் பக்கம் வந்ததில்லை. அது தொடங்கியது, மல்பெரிப் பள்ளத்தாக்கு பீகிள் வேட்டைநாய்ச் சங்கத்தின் இனச்சேர்க்கைத் திட்டக் குழு முதன்முதலாகக் கூடிய அன்றுதான். அதுவரை நாய்கள் தம் இஷ்டத்துக்குக் காதலித்து, தம் இஷ்டத்துக்குக் குட்டி போட்டு, தம் இஷ்டத்துக்கு முயலைத் துரத்திக்கொண்டிருந்தன. இந்த மூன்று அராஜகங்களையும் ஒழித்துக்கட்டிய பெருமை குழுவையே சேரும்.

குழுவின் தலைவர் கர்னல் ஹோபார்ட் கேடிஸ். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. கென்டக்கியில் கர்னல் ஆவதற்குப் படை வேண்டாம், ஆளுநர் மனம் வைத்தால் போதும். செயலாளர் எஸ்டில் ரோர்க், இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் யாராவது தும்மினால்கூட அதைத் தீர்மானமாக எழுதிவிடுவார். மூன்றாவது உறுப்பினர் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்மர் ஸ்டேம்பர். பல வருடம் தவம் கிடந்து பெற்ற நாற்காலி அது. நாற்காலியோடு ஒரு பச்சை ஜாக்கெட்டும் கொடுத்தார்கள். அதன் முதுகில் தங்க நூலால் 'இன நலக் காவலர்' என்று எழுதியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனால், முட்டை வாங்க வந்தவர்கள் தனக்கு வழிவிடுகிறார்கள் என்று டெல்மர் நம்பினார்.

குழுவின் கொள்கை மிக எளியது. சங்கம் நடத்தும் முயல்தடம் பிடிக்கும் போட்டியில் நாய் செய்யும் தவறுக்குத்தான் மதிப்பெண் குறையும். முயலின் தடத்தைத் தாண்டி ஓடினால் குற்றம். வாசம் இல்லாத இடத்தில் குரைத்தால் குற்றம். குறுக்கே வெட்டிப் போனால் பெருங்குற்றம். ஆகவே, வேகமாக ஓடும் நாய்க்குக் குற்றம் அதிகம், மெதுவாக நடக்கும் நாய்க்குக் குறைவு என்ற பேருண்மையைக் குழு கண்டுபிடித்தது. அன்றிலிருந்து நிதானமான கடுவனுக்கு அதைவிட நிதானமான பொட்டையைப் பார்த்துச் சோடி சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் எது மிக நிதானமோ அதை அடுத்த சோடிக்கு எடுத்துவைத்தார்கள். துள்ளுகிற குட்டிகளைக் 'குறையுள்ளவை' என்று பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இப்படிப் பல தலைமுறை பாடுபட்டதில் வந்து சேர்ந்ததுதான் கர்னலின் கடுவன். முழுப் பெயர் 'கேடிஸ் குன்றின் மாண்புமிகு ஜெனரல் நான்காமவர்'. ஜெனரல் ஓர் அடி எடுத்து வைத்தால், வைத்த அடியை முகர்ந்து, சரிதானா என்று யோசித்து, வானத்தைப் பார்த்து நீளமாக ஒரு குரல் கொடுத்து, அதன் பிறகுதான் அடுத்த அடி. ஆனால் என்ன குரல்! தேவாலய மணி தோற்றுவிடும். நின்ற இடத்தில் நின்று அவன் ஊளையிட்டால் நடுவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். வருடா வருடம் அவனே சாம்பியன்.

இலையுதிர்காலப் போட்டி அன்று டெல்மர் ஜெனரலின் பெருமையைக் கண்ணாரக் கண்டார். புதருக்குள் கோலை விட்டுக் கிளறியதும் ஒரு முயல் வெளியே குதித்தது. "டாலிஹோ!" என்று, முயலைக் கண்டவர் போட வேண்டிய கூச்சலை எஸ்டில் போட்டார். முயலைக் கண்ட இடத்துக்கு ஜெனரலைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜெனரல் முகர்ந்தான், முழங்கினான், நின்றான். முயல் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, பின்னால் யாரும் வராததால் புல்வெளியின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா டெல்மர்? அவசரம்ங்கிறதே கிடையாது. அவனுக்கு முயல் மேல ஒரு மரியாத இருக்கு," என்றார் கர்னல்.

"முயலுக்கும் அவன் மேல மரியாத இருக்கும் போல கர்னல். எழுந்துகூடப் போகல."

"அது பயத்துல உறைஞ்சுபோச்சுப்பா."

பயத்தில் உறைந்துபோன முயல் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. பிறகு பக்கத்திலிருந்த தீவனப்புல்லைத் தின்ன ஆரம்பித்தது. ஜெனரல் அது உட்கார்ந்திருந்த இடத்தை அடைவதற்குள் நடுவர் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார். 'குற்றம் எதுவும் இல்லை' என்று அறிவித்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. டெல்மரும் தட்டினார், ஜாக்கெட் போட்டிருந்தாரல்லவா.

அவர் மனதில் கிடந்தது வேறு ஒரு விஷயம். அவருடைய வீட்டுப் பின்கட்டில் நட்மெக் இருந்தாள்.

நட்மெக், ஜெனரலின் சொந்த மகள். குழு கூடி, கூடி, கூடி நிச்சயித்த சோடியில் பிறந்தவள். அந்தச் சோடி சேர்ப்புக்கே ஜெனரல் கால்வாசித் தூரம் நடந்துவந்து நின்றுவிட்டதால், பொட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் விட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட உத்தமனுக்குப் பிறந்தவள், முதல் நாள் மைதானத்தில் விட்டதும் முயலைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாள். கர்னல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 'முயலைத் துரத்தும் போக்கு' என்று எஸ்டில் குறிப்பெழுதினார். அத்தோடு அவளுக்குப் போட்டி மைதானம் மூடியது.

அவளுக்கு இப்போது வயது ஏறிவிட்டது. இந்த முறை பருவத்துக்கு வந்திருக்கிறாள், இதை விட்டால் இனிமேல் குட்டி போடுவது சந்தேகம் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வயிற்றில் ஒரு குட்டியாவது வேண்டும் என்பது டெல்மரின் ஆசை. குளிர்காலத்துக் காலையில் அவள் முள்புதருக்குள் பாய்ந்து, குரலை விட்டுக்கொண்டே முயலை வளைத்து ஒரு சுற்றுச் சுற்றி, அவர் துப்பாக்கியோடு நிற்கும் இடத்துக்கே விரட்டிக்கொண்டுவருவாள். அந்தச் சத்தம் மலைச் சரிவில் நெருங்கி நெருங்கி வரும்போது டெல்மர் அசையாமல் நின்று கேட்பார். தான் உயிரோடு இருப்பது அப்போதுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அது தன்னோடும் அவளோடும் முடிந்துபோவதை நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை.

குழுவின் அனுமதி இல்லாமல் சோடி சேர்க்கலாம்தான். ஆனால் அப்படிச் செய்கிற உறுப்பினர் நாற்காலியையும் ஜாக்கெட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டெல்மர் மனு கொடுத்தார். மனு 'ஆழ்ந்த பரிசீலனையில்' இருந்தது.

"பரிசீலனையாம் பரிசீலனை. அவ பருவம் இவங்க கூட்டம் முடியிற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?" என்றாள் அவர் மனைவி ஆர்டித்.

ஆர்டித் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். சங்கத்தின் வருடாந்தர முயல் விருந்துக்கும் அவளே சமையல். சில வருடங்களாக அந்த விருந்தில் அவள் கோழியைத்தான் சமைக்கிறாள், ஏனென்றால் சாம்பியன்கள் இருக்கிற ஊரில் முயல் பிடிபடுவதில்லை. எஸ்டில் அதை 'முயல் வகையைச் சார்ந்த கோழி' என்று குறிப்பில் எழுதி நிலைமையைச் சமாளித்துவந்தார்.

இந்த வருடம் அது நடக்காது போலிருந்தது. மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் லாத்ரப், மல்பெரிச் சங்கத்துக்கு 'வாழும் வேட்டை மரபு' விருது கொடுக்க விருந்துக்கே நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது. மறுநாள் காலை டெல்மர் வீட்டுச் சமையலறைக்குள் கர்னல் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆர்டித் அம்மா, காப்பி பிரமாதம்."

"இன்னும் ஊத்தவே இல்ல கர்னல்."

"வாசனைய வெச்சுச் சொல்றேன்." கர்னல் தொண்டையைக் கனைத்தார். "டெல்மர், அந்த லாத்ரப் பெரிய சாப்பாட்டு ராமன். எலும்பக் கடிச்சே எந்தப் பிராணின்னு சொல்லிருவானாம். அதனால... அந்த... உன் வீட்டுல குறையுள்ளது ஒண்ணு இருக்கே..."

"நட்மெக்கா?"

"பேரு எதுக்குப்பா. சனிக்கிழம காலைல அதுக்கு வேற சோலி ஏதும் இருக்கா?"

"உங்க ஜெனரல் என்ன ஆனாரு?" என்று ஆர்டித் கேட்டாள்.

"ஜெனரல் மரபு. மரபப் போய் வேலைக்கு அனுப்புவாங்களா?"

டெல்மர் முதன்முறையாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார். "அவ மனு கெடக்குது கர்னல்."

"அதான் சொல்ல வந்தேன். விருந்தன்னிக்கே கூட்டத்த வெச்சுப்போம். பரிவோட பாப்போம். என் வாக்கு."

சனிக்கிழமை காலை பனி பூத்திருந்தது. நட்மெக் வண்டியிலிருந்து குதித்ததுதான் தெரியும், புதர் அதிர்ந்தது. கர்னலும் எஸ்டிலும் துப்பாக்கியோடு நின்றார்கள். அவள் குரல் மேட்டில் ஏறி, ஓடைப்பக்கம் இறங்கி, வேலியோரமாகத் திரும்பி அவர்களை நோக்கி வந்தது. டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். கர்னலின் வாய் பிளந்திருந்தது. சின்னப் பையனுடைய முகம் அது.

"கர்னல், கேக்குதா?"

"சும்மா இருப்பா. வருது, வருது..." என்றார் கர்னல், குரல் நடுங்க. அவர் சுட்ட முதல் முயல் விழுந்ததும் எஸ்டிலைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நட்மெக் ஒன்றுக்குப் பின் ஒன்றாக முயலை வளைத்துவந்தாள், பை நிறைந்தது. திரும்பும்போது கர்னல் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை சங்கக் கூடத்தில் விருந்து. மாவில் புரட்டிப் பொரித்து, குழம்பில் வேகவைத்த முயல், கூடவே சோள ரொட்டி. லாத்ரப் ஓர் எலும்பை எடுத்து, கண்ணை மூடிக் கடித்து, "முயல்!" என்றார். கூடம் அதிர்ந்தது. விருதை வாங்கிக்கொண்டு கர்னல் பேசினார். "இந்த முயல், திட்டமிட்ட இனச்சேர்க்கைக்குக் கெடச்ச வெற்றி. இது ஜெனரலோட ரத்தம் போட்ட விருந்து!" ஒரு வகையில் அது உண்மைதான், மகள் ஓடிய ஓட்டமாயிற்றே. மேடை ஓரத்தில் ஜெனரல் மெத்தையில் படுத்திருந்தான். பெயரைக் கேட்டதும் எழுந்திருக்காமலேயே ஒரு முழக்கம் கொடுத்தான். லாத்ரப் தொப்பியைக் கழற்றினார்.

தட்டுகளை எடுக்கும் முன்பே பின்னறையில் குழு கூடியது. கர்னல் வாயில் பல்குச்சி இருந்தது.

"மனு எண் ஒண்ணு. உறுப்பினர் ஸ்டேம்பரோட பொட்டைக்குச் சோடி கேட்டு. நாம பரிவோட பாக்கணும்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன். எல்லாரும் ஒரு நிமிஷம் பரிவாப் பாருங்க."

ஒரு நிமிடம் பரிவாகப் பார்த்தார்கள்.

"ஆச்சு," என்றார் கர்னல். "எஸ்டில், குற்றம் என்ன?"

"முயலத் துரத்தும் போக்கு, கர்னல். இன்னிக்குக் காலைலகூடச் செஞ்சிருக்கு. நேரடி சாட்சி ரெண்டு பேர் இருக்கோம்."

"ருசுவாயிருச்சே!" என்று கர்னல் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் நடிப்பு இல்லை. "இப்பதான் விருது வாங்கியிருக்கோம் டெல்மர். விருது வாங்குன அன்னிக்கே தரத்தக் கொறைக்க முடியுமா, நீயே சொல்லு. லாத்ரப் வெளிலதான் உக்காந்திருக்கார்."

"அவ புடிச்ச முயலத்தான அவர் தின்னாரு..."

"அதத்தான் நானும் சொல்றேன். சமையலுக்கு நல்லது. வம்சத்துக்கு ஆகாது."

நிராகரிக்கும் தீர்மானத்தை எஸ்டில் முன்மொழிந்தார். வழிமொழிய வேண்டியது நாயின் உரிமையாளர், அதுதான் சங்கத்து மரபு. இருவரும் டெல்மரைப் பார்த்தார்கள். கூடத்தில் அவர் பெயரைச் சொல்லி யாரோ கைதட்டுவது கேட்டது. புதிய விருதின் பக்கத்தில் காவலர்கள் மூவரும் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். டெல்மர் ஜாக்கெட்டின் கைப்பகுதியை ஒரு தரம் நீவிவிட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பிக்கப் வண்டியில் நட்மெக் இருவருக்கும் நடுவில், ஆர்டித்தின் தொடையில் தலை வைத்துப் படுத்திருந்தாள். களைப்பு. முள் கிழித்த காது இன்னும் சிவந்திருந்தது.

"என்னாச்சு?" என்று ஆர்டித் கேட்டாள்.

"ஒத்துக்கல."

"எத்தன ஓட்டுல?"

"எல்லாருமே."

"எல்லாரும்னா? எஸ்டில் சரி. அந்தக் கெழவர் சரி. நீ?"

டெல்மர் சாலையைப் பார்த்தபடி, "எனக்கு மனசே இல்ல ஆர்டித். உள்ளுக்குள்ள எவ்வளவு கத்துனேன் தெரியுமா," என்றார். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. வழிமொழிஞ்சேன்."

ஆர்டித் நாயின் காதை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷமா நீங்க மூணு பேரும் நாய் வளக்கத் தெரியாம வளக்குறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் டெல்மர்," என்றாள். "தப்பு. நெனச்ச மாதிரியேதான் வளத்திருக்கீங்க. கொரல் இருக்கும், காலு நகராது, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் அச்சு அசல் உங்க சாடைதான். பாவம், இவ ஒருத்திதான் உங்கள்ல ஒருத்தன் சாயலும் இல்லாமப் பொறந்துட்டா. அதத்தான் குத்தம்னு எழுதி வெச்சிருக்கீங்க."