மாமாவுக்கும் பாப்பாவுக்கும் ஒரே வாயசைவு

பட்டுக்கோட்டை

மஸ்கட் மாநகரின் மொத்த வெயிலையும் ஒற்றைத் தலையில் தாங்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை பகலவன் அவர்களுக்கு, மச்சான் மருதையன் மிகுந்த பணிவுடன் (பணிவு எனக்கு எழுத்தில் மட்டும்தான் வரும்) எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கச்சி அறிவுமதி, உங்கள் மகளும் என் மருமகளுமான செம்மொழி, வாய்க்கால் தண்ணீர் உட்பட எல்லாரும் சுகம். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நடுநடுவே நீங்களும் பேசுவீங்க. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

காலாண்டுப் பரீட்சைக்குள் செம்மொழிக்கு வகுப்பில் ஒரு சிநேகிதியாவது அமையாவிட்டால், தஞ்சாவூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தீங்க. நல்ல பள்ளிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எடுத்ததிலிருந்து பிள்ளை அம்மா முந்தானையை விடவில்லை. யாராவது தஞ்சாவூர் என்று ஆரம்பித்தால் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அறிவுமதி பொறுக்கமாட்டாமல், "அண்ணே, ஸ்கூல் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு மட்டும் வாங்க"ன்னு சொல்லிச்சு. அந்த 'மட்டும்' என் காதில் விழவில்லை. நம்ம குடும்பத்தில் காது கேட்காதது யாருக்கு என்பதே விவாதத்துக்குரியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். போனால், வேப்பமரத்தடியில் நம்ம பிள்ளை நடுவுல, சுத்தி மூணாங்கிளாஸ் மொத்தமும். ஒவ்வொண்ணா அவ முகத்துக்கு நேரா வந்து, சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சுக் காட்டுதுங்க, அப்புறம் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. காது கேட்காத பிள்ளையைக் கேலியா பண்றீங்கன்னு நான் போட்ட சத்தத்துல கல்லணை ஒரு முழம் நகர்ந்திருக்கும். பேராவூரணி பஸ் டிரைவர் இல்லாமலே கிளம்பிடுச்சாம். அப்படியே தலைமையாசிரியர் ரெங்கசாமி சார் அறைக்குள்ள புகுந்து நீதி கேட்டேன். பாவம், ஆடிப்போய்ட்டார் மனுசன். மறுநாள் பிரேயர்ல உத்தரவு போட்டுட்டார்: செம்மொழி முன்னால் யாரும் வாயசைக்கக் கூடாது.

மாப்பிள்ளை, அந்த உத்தரவைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம பிள்ளை பாதிப் பேச்சை மெஷின்லயும் மீதியை எதிராளி உதட்டுலயும் பிடிக்கிறவ. அவ முன்னால வாயசைக்கக் கூடாதுன்னா அவகிட்ட பேசவே கூடாதுன்னுதான் அர்த்தம். பிள்ளைங்க பயந்துபோய், அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருக்குதுங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ சாப்பிடலை. நான் வாங்கிட்டு வந்த பொரியுருண்டையையும் தொடலை, என்னையும் பார்க்கலை.

சனிக்கிழமை காலையில் அதிராம்பட்டினத்திலிருந்து தன் வாப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்து நம்ம வீட்டு வாசலில் வந்து இறங்கினாள் மர்லியா. அதே மூணாங்கிளாஸ்தான். உயரம் என் இடுப்புக்கு; தோரணை ஹைகோர்ட்டு வக்கீலுக்கு.

"நீங்கதானே அந்தச் சத்தம் போட்ட மாமா? நாங்க ஒண்ணும் கேலி பண்ணல. சத்தமில்லாம சொல்லுவோம், என்ன சொன்னோம்னு கண்டுபிடிக்கணும். செம்மொழிதான் சொல்லிக் குடுத்தா, அவளை யாராலயும் ஜெயிக்க முடியல. நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு, நீங்க வந்து கெடுத்துட்டீங்க."

நின்ற இடத்திலேயே நான் நாலடி உயரத்துக்குச் சுருங்கிவிட்டேன். திங்கட்கிழமை முதல் வேலையா ரெங்கசாமி சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல், அதே பிள்ளைங்க முன்னாடி நீங்களும் அந்த விளையாட்டை ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்கன்னுட்டார். வகுப்புக்குள் நுழைந்ததும் செம்மொழி என்னை வெளியே அனுப்பினாள்: வெத்தலையைத் துப்பிவிட்டு வரணும், வாயை அடைச்சுக்கிட்டுப் பேசினா உதடு தெரியாதாம். துப்பிவிட்டு வந்தேன். அவள் வாயசைத்தாள். நான் கம்பீரமாக 'மாமா' என்றேன். இல்லை, 'பாப்பா'வாம். அடுத்ததுக்கு உஷாராக 'பாப்பா' என்றேன். அது 'மாமா'வாம். கண்ணாடி முன்னால் நின்னு நீங்களே சொல்லிப் பாருங்க, ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டும். பின்னே உனக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டேன். "யாரைப் பத்திப் பேசறாங்கன்னு பாக்கணும் மாமா"ன்னா. வகுப்பே கூரை பறக்கச் சிரிக்க, உத்தரவு அந்த நிமிஷமே ரத்து. இப்போ அந்தப் பள்ளியில் எனக்குப் பேரு பாப்பா. சத்துணவு ஆயா கூட, பாப்பாவுக்கு ஒரு முட்டை வைக்கவான்னு கேட்கிறது.

இதெல்லாம் என் சாதனை என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது என்பதால் நீங்களே சொல்லிக்கொள்ளவும். நேற்று பள்ளிக்கூடத்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று செம்மொழி எனக்குச் சத்தமில்லாமல் ரெண்டு வார்த்தை சொன்னாள். யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன்: "மாமா வேணும்." கண் கலங்கிடுச்சு மாப்பிள்ளை. ஆகவே இனி தினமும் மத்தியானம் வேப்பமரத்தடியில் நானே உட்கார்ந்து அவள் சிநேகங்களை மேற்பார்வை பார்ப்பதென்று முடிவாகிவிட்டது. வயலை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஏசி பழுதாகாமலும் லீவு மறுக்கப்படாமலும் இருக்க ஆசீர்வதிக்கும்,
மருதையன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மர்லியா செம்மொழியோடு வீட்டுப்பாடம் செய்ய வந்தாள். மேற்படி ரெண்டு வார்த்தையைப் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன். இவள் அவளைப் பார்த்தாள், அவள் இவளைப் பார்த்தாள். பிறகு மர்லியாதான் பொறுமையாகச் சொன்னாள்: "அது 'வேணும்' இல்ல மாமா, 'வேணாம்'. நீங்க வந்து உக்காந்தா எல்லாரும் உங்களையே பாக்குறாங்க." செம்மொழி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அவளோடு என்னமோ சத்தமில்லாமல் பேசப் போய்விட்டாள். ஆகவே மாப்பிள்ளை, விடுதியும் வேண்டாம், நானும் வேண்டாம். மேலே எழுதியதில் என்னை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படித்துக்கொள்ளவும்.