சாம்பியனைத் தள்ளிவிட்ட மரக்குதிரை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்கு மகளைக் கொடுத்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும், முழங்கால் நீங்கலாக, நலம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதியது. அதனால்தான் எல்லாவற்றிலும் அவருடைய இருமலைப் பற்றி இரண்டு வரி இருக்கும். இது நானே எழுதுவது. மாலை வகுப்பு டீச்சர், "ஐயா, இனிமே நீங்க யாருக்கு வேணும்னாலும் எழுதலாம்" என்றார். யாருக்கு என்று யோசித்ததும் உங்கள் முகம்தான் வந்தது. கல்யாணத்தன்று, குதிரைப் போலீசில் இருந்தவர் என்ற உரிமையில், "சேணத்துக்குள்ள கம்பளி திணிக்கிறவருக்குக் குதிரைக்கு எத்தனை கால்னாவது தெரியுமா சம்பந்தி?" என்று நாலு பேர் நடுவில் கேட்டீர்கள். நாலு. பதில் சொல்ல ஆறு வருடம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

விஷயம் என்னவென்றால், போன மாதம் எங்கள் தொழிற்சாலைக்குச் சாம்பியன் வந்தார். குதிரையில் தடை தாண்டும் போட்டியில் மூன்று முறை விடாமல் ஜெயித்தாரே, அந்தப் பெண்தான். பதினோரு வருடமாக எந்தக் குதிரையாலும் கீழே தள்ள முடியாதவர். அவருடைய புதுச் சேணத்துக்குக் கம்பளி திணித்தது நான். அளவுக்காகப் பழைய சேணத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். மடியில் வைத்துத் தடவினேன். இடது பக்கத் தோல் வலதைவிட இரண்டு மடங்கு தேய்ந்து, உள்ளே கம்பளி கல்லாக இறுகிக் கிடந்தது. பாவம், இந்தப் பெண் எதையோ பொறுத்துக்கொண்டு சாய்ந்து உட்காருகிறது என்று தோன்றவே, புதியதில் இடது பக்கம் இரண்டு பிடி கூடுதலாகத் திணித்தேன். மேஸ்திரி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"சேணமா இது, தலகாணியா? ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். பிரிச்சுத் திணி பெருசு."

"அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காரலையே மேஸ்திரி."

பேச்சு முதலாளி வரைக்கும் போயிற்று. அவர் சேணத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அவங்க உக்காந்து பாத்து ஒரு குறை சொன்னாலும் போதும், மறுநாள்லேருந்து நீங்க வரவேண்டாம்." சம்பந்தி, இந்த வயதில் என்னை வேறு எவன் வேலைக்கு வைப்பான்? வீட்டில் இருந்தாலோ, இருக்கும் ஒரே மேஸ்திரி உங்கள் சம்பந்தியம்மா.

இங்கே எங்கள் மரக்குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலை இல்லை, வால் இல்லை, கால் மட்டும் நாலு, எண்ணிவிட்டேன். புதுச் சேணத்தை அதன் மேல் வைத்துத்தான் உட்கார்ந்து பார்ப்போம். எங்கும் ஓடாத குதிரை என்பதால் வயிற்று வாரைக் கட்டும் வழக்கம் இங்கே எவருக்கும் கிடையாது. சொரசொரப்பான மரம், சேணம் தானாக நிற்கும். பெரிய விருந்தாளி வருகிறாரே என்று மேஸ்திரி முதல் நாள் அதற்கு மெழுகு தடவித் தேய் தேய் என்று தேய்த்து, முகம் பார்த்துத் தலை வாரலாம் போல ஆக்கிவிட்டார்.

சாம்பியன் வந்தார். என்ன பெண் சம்பந்தி! எங்களிடம் தோல் தைக்கும் அம்மாவின் விரல் காய்ப்பைத் தொட்டுப் பார்த்து, தன் உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டி, "யாருது பெருசு?" என்று கேட்கிறார். எங்களுக்கு அப்போதே மனசு இளகிவிட்டது. பிறகு அங்கவடியில் கால் வைத்து ஏறினார். ஏறினது மட்டும்தான் தெரியும், அடுத்த நொடி சேணம் அவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் சுழன்று போய், நான் குவித்து வைத்திருந்த கம்பளிக்குள் தொபுக்கடீர். பதினோரு வருடத்துப் பெருமை ஒரு தலையில்லாக் குதிரையால் போயிற்று. முதலாளி, "திணிச்சது எங்கய்யா அந்த ஆளு?" என்று கத்த, நான் காதெல்லாம் கம்பளியோடு போய் நின்றேன். வேலை போனது போனதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

சாம்பியன் எழுந்தார். மரத்தைத் தடவினார், விரலை முகர்ந்தார்.

"யாருங்க குதிரைக்கு மெழுகு போட்டது?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

அவரே சேணத்தை ஏற்றி, வாரை இழுத்துக் கட்டி, மறுபடி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மிஷின் சத்தம்கூட இல்லை.

"எடது பக்கம் ஏத்தியிருக்கு இல்ல தாத்தா?"

"ஆமாம்மா. பழைய சேணம் சொல்லிச்சு."

"வேற என்ன சொல்லிச்சு?"

"எடது இடுப்புல எப்பவோ அடி, வெளிய சொல்லிக்கலைன்னு சொல்லிச்சு."

"எங்கம்மாவுக்கே தெரியாது தாத்தா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் வலியில்லாம உக்காந்திருக்கேன்."

இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்தார். கம்பளி வாசம் அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. பிறகு சேணத்து மடிப்பைத் தூக்கி, உள்ளே என் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். முதலாளி இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். சாம்பியன் மட்டும் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் புள்ளி வரைக்கும் அவசரப்படுத்தாமல் நின்றார். இப்போது என் பெயர் எங்கேயோ தடை தாண்டிக்கொண்டிருக்கிறது. குதிரைப் போலீசில் உங்கள் பெயரை எந்தச் சேணத்திலாவது எழுதினார்களா என்று நான் கேட்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் என் வணக்கம். உங்கள் முழங்காலையும் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கம்பளி திணிக்கும் உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உங்கள் சம்பந்தியம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "பொய் எழுதவா எழுத்துக் கத்துக்கிட்டீங்க?" என்கிறாள். உண்மைதான், மெழுகு போட்டது நான். நான் தேய்த்ததை மேஸ்திரி பார்த்திருந்தும், அன்று கூரையைப் பார்த்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. என் கையில் சாம்பியன் முகர்ந்தது கம்பளியை அல்ல, மெழுகை. அவரும் சொல்லவில்லை. கிழித்துவிட்டு எழுதினால் இன்னும் ஒன்பது நாள் ஆகும். ஆகையால், மெழுகு தடவும் இடத்தில் மட்டும் மேஸ்திரியை அடித்துவிட்டு என்னைப் போட்டுக்கொள்ளவும். உங்களுக்குக் கையெழுத்து அழகாக வரும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.