மழுங்காத கத்தி

அன்றும் கத்தி மழுங்கவில்லை.

சணல் கயிற்றைப் பலகையின் மேல் வைத்துக் காலையிலிருந்து அறுத்துக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே துண்டுக் கயிறுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டன. பிறகு ஒரு மெல்லிய காகிதத்தை இடது கையில் தொங்கவிட்டு, கத்தியை மேலிருந்து கீழே இழுத்தாள். காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது.

மேலாளர் கைதட்டினார்.

"பாத்தியாம்மா? வெண்ணெய வெட்டற மாதிரி வெட்டுது."

"ஆமாங்க சார்," என்றாள். பெருமூச்சை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

மடக்குக்கத்தி செய்யும் அந்த ஆலையில், கூர் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. எல்லோரும் அவளைக் 'கயிறு மேடம்' என்பார்கள். காகிதம் பிசிறடித்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். உடனே முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சாணைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சாணைப் பிரிவினர் தவிர மற்றவர்கள் கத்தியோடு முற்றத்தைக் கடக்கக் கூடாது என்று விதி இருந்ததால், சாணைக்காரரே நேரில் வந்து வாங்கிப் போவார். மடக்கினால் சட்டைப்பையில் அடங்கிவிடும் கத்திக்கு எதற்கு இந்த விதி என்று யாரும் கேட்டதில்லை. அவள் நிச்சயம் கேட்க மாட்டாள்.

வருவார். கையைத் துடைத்துக்கொள்வார். கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"நல்லா வேலை வாங்கியிருக்கீங்க," என்பார். போய்விடுவார்.

அவ்வளவுதான். பழைய எஃகு மதியத்துக்குள் மழுங்கிவிடும். சில நாள் அவர் இரண்டு முறைகூட வந்திருக்கிறார். அப்படிப்பட்ட நாள்களில் அவள் வீட்டுக்கு நடந்தே போவாள். பேருந்தில் போனால் அந்த நாள் சீக்கிரம் முடிந்துவிடும்.

புது எஃகில் செய்த இந்தக் கத்தி வந்ததிலிருந்து அவர் வரவே இல்லை. முற்றத்துக்கு அப்பாலிருந்து சாணைச் சக்கரத்தின் சத்தம் மட்டும் வந்தது. சத்தம் நின்றால் அவர் தேநீர் குடிக்கிறார். அப்போது அவளும் குடிப்பாள்.

"நீயே போய்ப் பேசேன்க்கா," என்றாள் வீட்டில் தங்கை.

"என்னன்னு பேசறது?"

"கத்தி மழுங்கலன்னு சொல்லு."

"மழுங்காத கத்திக்கு அவரு எதுக்குடி?"

தங்கை யோசித்தாள். "அப்ப மழுங்க வை."

இது மழுங்கினால் பழைய எஃகு திரும்பி வரும். அவரும் வருவார். மறுநாள் அவள் கயிற்றை நனைத்து மணலில் புரட்டி எடுத்தாள். அறுக்கும்போது கத்தி நறநறவென்று பல்லைக் கடித்தது. சாயங்காலம் காகிதத்தை நீட்டினாள். பாதியில் மாட்டி, பிசிறு பிசிறாகக் கிழிந்தது. அதைப் போல அழகான காகிதத்தை அவள் பார்த்ததே இல்லை.

ஆனால் புது எஃகு என்பதால், சாணைப் பிரிவுக்குச் சொல்லும் முன் முடிவை மறுநாள் காலையில் மேலாளர் முன்னால் உறுதி செய்ய வேண்டும். கத்தியை மடக்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் இஸ்திரி போட்ட துணியில் வந்தாள்.

காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது.

"சார், நேத்து சாயங்காலம் மழுங்கிப்போச்சு சார். நானே பாத்தேன்."

மேலாளர் கத்தியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப ராத்திரி தானா கூர் திரும்பியிருக்கு."

"அப்படியெல்லாம் திரும்பாதுங்க சார்."

"நமக்கே ஒரு தூக்கம் போட்டா தெம்பு வருது. எஃகுக்கு வராதா? மறுபடி மழுங்க வை பாப்போம்."

அவள் மழுங்க வைத்தாள். கம்பளம் அறுத்தாள். பழைய மிதிவண்டி டயரை அறுத்தாள். ஒருநாள் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடிவிளிம்பில் கத்தியைச் செங்குத்தாக வைத்து அறுத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் காகிதம் பிசிறடித்தது. ஒவ்வொரு காலையும் வெண்ணெய்.

"கத்தி கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்குங்க சார்," என்றாள் ஒருநாள்.

"உழைக்கிறவங்க இளைக்கத்தான் செய்வாங்க," என்றார் மேலாளர்.

அந்த வாரம் அவளுக்கு ஒரே ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. நடையில் சாணைக்காரர் எதிரே வந்தார். இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி, கடைசியில் நின்றார்கள்.

"கத்தி எப்படி இருக்கு?" என்றார்.

"இன்னும் கூராத்தாங்க இருக்கு."

"மழுங்கலையே?"

"இல்லைங்க."

"நல்லது," என்றார். "ரொம்ப நல்லது."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இவள் இருக்கும் அறைக்கு வரும் வேலை மிச்சம் என்பதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு நிம்மதியா? அன்று அவள் பேருந்தில் போனாள்.

"நல்லதுன்னா சொன்னாரு?" என்றாள் தங்கை.

"ரொம்ப நல்லதுன்னு சொன்னாரு."

"சரி விடுக்கா. அந்த ஆளுக்கு முகமும் சாணைக்கல்லு மாதிரிதான் இருக்கும்."

"அப்படியெல்லாம் இல்லடி," என்று அவசரமாகச் சொன்னாள். தங்கை சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மேலாளர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"முதலாளிக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு நேர்ல பாக்க வர்றாரு. இந்த எஃகு தேறிடுச்சுன்னா சாணைப் பிரிவே தேவையில்லங்கறாரு. தானா கூர் ஏறற கத்திக்கு எதுக்குச் சாணை, எதுக்கு ஆளு?"

அவள் கையிலிருந்த கயிறு நழுவியது.

"அவரு... அந்தப் பிரிவுல இருக்கறவங்க எங்க சார் போவாங்க?"

"எங்கயாவது போகட்டும்மா. நீ கத்தியப் பாரு."

அவள் கத்தியைப் பார்த்தாள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சக்கரச் சத்தமாவது இருக்க வேண்டும். அது இல்லாத முற்றத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியே போய் ஒரு செங்கல் கொண்டுவந்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கத்தியின் கூர்விளிம்பை அதில் செங்குத்தாக அழுத்தித் தேய்த்தாள். கை வலித்தது. மாற்றிப் பிடித்துத் தேய்த்தாள். கிளம்பும்போது அந்தக் கத்தியால் வாழைப்பழத்தைக்கூட நசுக்கத்தான் முடிந்தது. நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கத்தியை விரித்தாள். காகிதத்தைத் தொங்கவிட்டாள். இழுத்தாள்.

இரண்டானது.

முதலாளி எழுந்து, தானே ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்தார். பிறகு தன் முன்கையில் வைத்து நாலு முடியை மழித்துப் பார்த்தார்.

"மாசக் கடைசியோட சாணைப் பிரிவ மூடிடுங்க," என்றார். அவள் பக்கம் திரும்பினார். "சோதனை மட்டும் நிக்க வேண்டாம். கத்தி மழுங்கற வரைக்கும் இந்தம்மா இங்கயே அறுக்கட்டும்."

எல்லோரும் போன பிறகு அவள் கயிற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கும்மா. என்ன, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"சாணைக்காரருக்கு வேலை போச்சுக்கா. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். செங்கல்லக்கூட விடல. இந்தக் கத்தி மழுங்கவே மாட்டேங்குது."

அக்கா கூட்டுவதை நிறுத்தினாள்.

"எப்படிம்மா மழுங்கும்? இது மழுங்கிச் சோதனை முடிஞ்சுதுன்னா உன்னை வெளியூர்க் கிளைக்கு மாத்திடுவாங்கன்னு பயந்து, நீ வீட்டுக்குக் கிளம்பினதும் அந்த மனுஷன்தான் தினமும் வந்து, உன் நாற்காலியிலயே உக்காந்து தீட்டி வச்சிட்டுப் போறாரே."