இஸ்திரி அண்ணாச்சி கொடுத்த சேவல்

ஆண்டவருக்குக் காணிக்கை கொடுத்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கொடுத்த காணிக்கையை அரை மணி நேரத்தில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பியவர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே தாராவி இஸ்திரி அண்ணாச்சி ஒருவர்தான். அதுவும் தொடர்ந்து மூன்று வருஷம்.

எண்பதுகளில் நான் பம்பாயில் ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தாராவியில் கல்லி என்று சொல்லும் ஒரு குறுகிய சந்தில், மாடி அறையில் வாசம். என் ஜன்னலுக்கு நேர் கீழே அண்ணாச்சியின் இஸ்திரி மேசை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், கல்யாணம் ஆகாதவர், ஐம்பதை நெருங்கியவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று கல்லியில் ஒருவருக்கும் தெரியாது. கை அதன் பாட்டுக்குக் கரிப்பெட்டியை ஓட்டும், வாய் பால்காரனிடமோ கடவுளிடமோ வாதாடிக்கொண்டிருக்கும். ஆனால் பம்பாய் வந்த நாளிலிருந்து தன் கையில் ஒரு துணி கருகியதில்லை என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எங்களுக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

கடவுளுக்காக ஆசைகளை விடுவதில் அண்ணாச்சி பெரிய ஆள். விட்டதில் பொடியாக ஒரு சந்து வைத்துக்கொள்வதில் அதைவிடப் பெரிய ஆள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில் ஒரு வருஷம் டீயை விட்டார். நாற்பது நாளும் டீக்கடை பாய்லருக்கு முன்னால் கண்ணை மூடி, மூக்கை விரித்துக்கொண்டு நின்றார். ஏன் அண்ணாச்சி என்றால், "குடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மோந்து பாக்க மாட்டேன்னு சொல்லலியே" என்றார்.

அடுத்த வருஷம் சினிமாவை விட்டார். மாட்டுங்கா தியேட்டரில் ஒரு தமிழ்ப் படம் வந்தது. பக்கவாட்டுச் சந்தில் நின்று, கதவில் காதை ஒட்டவைத்து, மூன்று மணி நேரம் முழுப் படத்தையும் கேட்டுவிட்டு வந்து எங்களுக்குக் கதை சொன்னார். டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்த எனக்குக்கூட அவ்வளவு புரியவில்லை.

இப்படி எதை வேண்டுமானாலும் விடக்கூடியவர் விட முடியாத ஒன்று அந்த மேசையின் மூலையில் உட்கார்ந்திருந்தது. அது ஒரு சேவல். பெயர் பேதுரு. வேதத்தில் கூவியது சேவல்தானே, இயேசுவை மறுதலித்தவர்தானே பேதுரு, பெயர் மாறிவிட்டதே என்று ஒருநாள் கேட்டேன். "சேவலுக்கு என்ன பேருன்னு வேதத்துல போடல. பக்கத்துல பேதுருன்னு போட்டிருக்கு. நான் என்ன செய்ய?" என்றார்.

குஞ்சாக வந்த நாளிலிருந்து அது அவர் தட்டில்தான் தின்றது, அவர் கட்டில் காலடியில்தான் தூங்கியது. அதற்கு லேசாகக் காய்ச்சல் கண்டால்கூட அண்ணாச்சி கடையைத் திறக்கமாட்டார். ரேஷன் கார்டில் அதன் பெயரைச் சேர்க்க அவர் சயான் ரேஷன் ஆபீஸ் வரை போய் வந்தார் என்று கல்லியில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. விடியற்காலை மூன்றரைக்கு அது கூவுகிற கூவலில் நான் கட்டிலோடு ஒரு சாண் எழும்பி விழுவேன். அந்தச் சேவலை நான் மனதாரச் சபித்திருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சியின் வேதக்கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். ஊரில் என்றால் வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். தாராவியில் வயலுக்கு எங்கே போவது? பை தைப்பவர் பையையும், முறுக்குச் சுடுகிறவர் முறுக்கையும் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு எந்தச் சாமி கும்பிடுகிறவரும் போகலாம். நான் முறுக்குக்காகத் தவறாமல் போவேன்.

ஒரு வருஷம் பிரசங்கத்தில், உனக்கு எது ரொம்பப் பிரியமோ அதைக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் பேதுருவைக் கொண்டுவந்து ஏல மேசையில் வைத்துவிட்டார். எங்கள் கல்லியில் தோல் பட்டறை வைத்திருந்த பாய், குருமாவை மனதில் வைத்து முதல் விலை கேட்டார். அதைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துப்போனது. அடுத்த விலை கேட்டவர் அண்ணாச்சி. அதற்கடுத்த விலையும் அவருடையதுதான். தன்னை எதிர்த்துத் தானே கேட்டு, ஒரு மாத இஸ்திரிக் காசைக் கொட்டிக்கொடுத்து, சேவலை வாங்கிக்கொண்டு வந்தார். இது என்ன கூத்து என்று கேட்ட வயதான போதகருக்குப் பதில் தயாராக இருந்தது: "ஆபிரகாம் பெத்த மகன் ஈசாக்க ஆண்டவருக்குக் குடுத்தாரா இல்லியா? திருப்பிக் கூட்டிட்டு வந்தாரா இல்லியா?" போதகர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த இரண்டு வருஷமும் இதேதான் நடந்தது. பாய்க்குக் குருமா ஆசை போய்விட்டது. அண்ணாச்சியை மேலே மேலே விலை ஏற்றவைத்து வேடிக்கை பார்ப்பதற்காகவே கேட்பார்.

நாலாவது வருஷம் புதுப் போதகர் வந்தார். இளவயது, கண்டிப்பானவர். பண்டிகைக்கு முந்திய ஞாயிறே அறிவித்துவிட்டார். கொடுத்தவர்கள் கொடுத்ததை ஏலத்தில் எடுக்கக் கூடாது, திரும்பி எடுத்தால் அது காணிக்கையே அல்ல. பெயர் சொல்லவில்லை. சபை முழுவதும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்ததாம்.

நானே சமாதானத்துக்குப் போனேன். ஒரு பூசணிக்காய் வாங்கித் தருகிறேன், இந்த வருஷம் அதைக் கொடுங்கள் என்றேன். "பூசணிக்காய நான் என்னைக்குத் தம்பி மடியில வச்சிருந்தேன்?" என்றார்.

பண்டிகையன்று சேவலைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஏலக்காரர் கூவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கூவினார். பாய் வானத்தைப் பார்த்தார், நான் என் முறுக்கைப் பார்த்தேன். விலை போகாத பொருள் கொடுத்தவருக்கே போய்விடும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. போதகர் லேசுப்பட்டவரா? விலை போகாதது போதகர் வீட்டுக்கு என்று சொல்லி, சேவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் கல்லி நிம்மதியாகத் தூங்கியது. நான் மட்டும் மூன்றரைக்குத் தானாக விழித்து, ஏதோ வரவேண்டியது வரவில்லையே என்று படுத்திருந்தேன். கீழே அண்ணாச்சியின் அறையில் விளக்கு எரியும்.

நாலாம் நாள் காலை, அண்ணாச்சி என்னுடைய புது வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்து, பேதுருவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போதகர் வந்து நின்றார். மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை, தான் அவசரப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது, தயவுசெய்து பிடியுங்கள் என்றார். பட்டறையிலிருந்து பாயும் இறங்கி வந்துவிட்டார். பேதுரு அண்ணாச்சியைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

அண்ணாச்சி நிமிரவில்லை.

"இதுக்கு முன்னால மூணு தடவ குடுத்தேன். திரும்ப வந்துரும்னு தெரிஞ்சு குடுத்தது அது. இந்தத் தடவதான் வராதுன்னு தெரிஞ்சு குடுத்திருக்கேன். நான் பொறந்து இப்பத்தான் ஐயா அவருக்கு ஒண்ணு குடுத்திருக்கேன். அதக் கெடுக்க வந்திருக்கியளா?"

போதகர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஆபிரகாம் என்றுதான் ஆரம்பித்தார்.

"ஆபிரகாம்ட்ட ஆண்டவரே வந்து சொன்னாரு. எங்கிட்ட நீங்கதான வந்திருக்கிய? கொண்டு போங்க. ராத்திரி கால்மாட்டுல போட்டாத் தூங்கிரும்."

போதகர் திரும்பி நடந்தார். சேவல் அவர் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. அண்ணாச்சி அது கண்ணைவிட்டு மறையும்வரை நின்றார். அப்போதுதான் கருகல் வாசனை வந்தது. பாய் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார். என் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அச்சாகப் பதிந்திருந்தது.

புதுச் சட்டை வாங்கித் தருவதாக அவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கும் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். முதுகில் என்ன என்று கேட்டவர்களிடம் காணிக்கை என்று சொன்னேன்.

அண்ணாச்சி அதன்பின் போதகர் வீட்டுப் பக்கம் போனதேயில்லை. போதகர்தான் வாரம் தவறாமல் துணி மூட்டையோடு வருவார். யாரும் கேட்காமலேயே, "நல்லாத் தின்னுது" என்பார். அண்ணாச்சி கரியை ஊதுவார். போதகரின் அங்கிக்கு மட்டும் இரண்டு தடவை பெட்டி ஓடும்.

தாராவியை விட்டு வந்து இப்போது நான் சான்பாடாவில் இருக்கிறேன். அந்தச் சட்டை பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. தரை துடைக்கக் கொடுங்களேன் என்று வருஷாவருஷம் என் மனைவி கேட்கிறாள். அண்ணாச்சிக்கு இருந்த மனசு எனக்குக் கிடையாது. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.