அட்டை இல்லாமல் யாரையும் விடுவதாயில்லை

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தங்கை பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மருமகளும் நலம். அங்கு அண்ணி நலமென்று அறிந்தேன். நீங்கள் கோபமாக இருப்பதாகவும் அறிந்தேன்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளைப் பாதுகாக்கும் கம்பெனியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்ததைக் கேட்டு, "யார் என்ன சொன்னாலும் நம்புற உனக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம என் அச்சகத்துக்கு வந்துடு" என்று போனில் சொன்னீர்கள். மனசு ரொம்ப நொந்துபோச்சு அண்ணா. மத்தவங்க கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்றதுக்கு முன்னாடி, நடந்ததை நானே சொல்லிடறேன். முதல் நாள் நெட்வொர்க் ரூம்ல ஒரு கேபிள் ஒரு முனை மட்டும் ஸ்விட்ச் பெட்டியில சொருகி, மறுமுனை தொங்கிக்கிட்டிருந்துச்சு. அலங்கோலமா எதையாவது பார்த்தா எனக்குக் கை சும்மா இருக்காதே, அதே பெட்டியில காலியா இருந்த ஓட்டையில சொருகிட்டேன். அப்படிச் சொருகினா உள்ள போன தகவல் வெளிய வழி தெரியாம சுத்திச் சுத்தி வந்து மொத்த ஆபீஸும் படுத்துடுமாம். படுத்துடுச்சு. என் சீனியர் பொண்ணு "யார் பார்த்த வேலை இது"ன்னு ஒவ்வொரு கேபிளாப் பிடுங்கிப் பார்க்க, நானும் பின்னாடியே டார்ச் பிடிச்சுக்கிட்டு "யாரா இருக்கும்"னு கேட்டுக்கிட்டே போனேன்.

அடுத்த வாரம் ரெண்டு கையிலயும் பெட்டி சுமந்துக்கிட்டு ஒருத்தர் வந்தார். பாவமா இருந்துச்சு. என் அடையாள அட்டையைக் காட்டி சர்வர் ரூம் கதவைத் திறந்துவிட்டு, குடிக்கத் தண்ணியும் குடுத்தேன். அவர் எங்களைச் சோதிக்கறதுக்காக எங்க கம்பெனியே அனுப்பின ஆளாம். பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்ல. "தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது"ன்னு அறிக்கையில வேற எழுதியிருக்கார். அன்னைக்கு பாத்ரூம்ல போய் அழுதேன். உங்க அச்சகமும் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

அதுலேருந்து அட்டை இல்லாத யாரையும் நான் விடறதில்ல. நேத்து ஒரு பெரியவர் வந்து "நான்தாம்மா இந்தக் கம்பெனி முதலாளி"ன்னார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, உட்காருங்க"ன்னேன். நிஜமாவே முதலாளிதான். சீனியர் வந்து அடையாளம் சொல்ற வரைக்கும் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார் மனுஷன். என்னை வச்சுக்கறதா அனுப்பறதான்னு திங்கக்கிழமை அவர்தான் முடிவு பண்ணணும். அனுப்பினா வேற கம்பெனி படி ஏறுவேனே ஒழிய, இந்த வேலையை விடமாட்டேன். எனக்கு இது பிடிச்சிருக்கு அண்ணா, அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். மனதார நீங்கள் இருவரும் வாழ்த்தினால் அதுவே போதும். கோபம் ஆறியதும் ஒருநடை வந்து போகவும். எங்கள் வீட்டுக் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பி.கு.: கையெழுத்துப் போடும்போதே யாரோ கதவைத் தட்டுறாங்க. "அண்ணன்மா, உன்கிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்"னு உங்க குரல்லயே சொல்றார். எங்கண்ணன் ஜென்மத்துல யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல, சந்தேகமே அங்கதான் வந்துச்சு. திறக்கல. இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளுறேன். நிஜமாவே நீங்கதான்னா படிச்சுக்கிட்டே நில்லுங்க. விசாரிக்க அண்ணிக்குப் போன் போட்டுக்கிட்டிருக்கேன், லைன் பிஸியா இருக்கு.