வீரை மரமும் கண்டக்டர் விசிலும்

மரக்கன்றுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் ஊர்க்காரர். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அவர் பெயர் என்னவென்று கேட்டால் ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. கண்டக்டர் என்றால் நாய்கூட வாலாட்டும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் ஓடிய பஸ்ஸில் ஆயுசெல்லாம் விசில் ஊதியவர். "அனுமந்தை எறங்கு, அனுமந்தை!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் கோட்டக்குப்பம் போகிறவன்கூட பயந்து இறங்கிவிடுவான். நானெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். எனக்கு அவர் குரல்தான் போர்டு.

ரிட்டையர் ஆனதும் பையைக் கொடுத்துவிட்டார், விசிலை விடவில்லை.

எங்கள் உப்பளத்தை ஒட்டி ஒரு ஓடை கழுவெளி ஏரிக்குப் போகிறது. ஒரு காலத்தில் அதன் இரண்டு கரையிலும் நாவலும் புங்கனும் அடர்ந்து கிடந்தனவாம். நான் பார்த்ததெல்லாம் வேலிக்காத்தான் முள்தான். மழை வந்தால் கரை உடையும். வெள்ளம் பாத்திக்குள் புகுந்து, நாங்கள் வாரிக் குவித்த உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். உப்பு போனால் எங்கள் பிழைப்பும் போயிற்று. அந்தக் கரையில் நின்றுகொண்டு கண்டக்டர் ஒரு நாள் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"இந்த வேலிக்காத்தான் இருக்கானே, டிக்கெட் எடுக்காம ஏறுனவன்! ஏறுனதும் இல்லாம சீட்டெல்லாம் புடிச்சிக்கினான். ஏற வேண்டிய பாசஞ்சர்லாம் கீழ நிக்கிறான். எறக்கி உடப் போறேன் பாரு!"

"மண்டையில வெயில் ஏறிடுச்சி" என்றாள் என்னோடு உப்பு வாரும் பச்சையம்மா.

இறக்கித்தான் விட்டார். முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய இடத்தில் கன்று நட்டார். கன்றுக்கு எங்கே போவது? உள்கிராமத்தில் ஐயனார் கோயில் காடு ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய மரங்களெல்லாம் அங்கேதான் மிச்சம். ஆனால் அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது என்பது கட்டுப்பாடு. கண்டக்டர் நேராக ஐயனார் முன்னால் போய் நின்றார். "உன்னுது எதையும் நான் ஒடிக்கல சாமி. அதுங்களா கீழ எறங்கி நிக்குது, நான் பஸ் ஏத்தி உடறேன்" என்று சொல்லிவிட்டு, உதிர்ந்த பழத்தையும் கொட்டையையும் பொறுக்கி வந்து வீட்டில் முளைக்க வைத்தார்.

ஒவ்வொரு கன்றையும் நடும்போது, செல்லாத பழைய பஸ் டிக்கெட் ஒன்றைக் கிழித்துப் பக்கத்தில் குச்சியில் செருகுவார். "ஏறுன எடம் ஐயனார் கோயில், எறங்குற எடம் ஓடைக்கரை. சில்லறை கேக்காத" என்று கன்றிடம் சொல்வார். பிறகு இரண்டு விசில். அதாவது ரைட், வளரலாம். ஆடு மாடு கிட்டே வந்தால் ஒரு விசில், நில் என்று. ஆடு நின்றதோ இல்லையோ, ரோட்டில் போகிற பஸ் நின்றுவிடும். டிரைவர்கள் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போவார்கள்.

அத்தனை கன்றிலும் அவருக்கு உயிர் ஒன்றின் மேல்தான். அது வீரை என்கிற மரம். நாவலெல்லாம் தலைக்கு மேலே போன பிறகும் அது முழங்கால் உயரத்திலேயே நின்றது. "இது எக்ஸ்பிரஸ் இல்லம்மா, எல்லா ஸ்டாப்லயும் நின்னுதான் வரும்" என்பார். முள் வெட்டுகிறவர்கள் தெரியாமல் அதையும் வெட்டிவிடப் போகிறார்களே என்று, அதன் முன்னால் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்து வைத்தார்.

வினை அங்கேதான் வந்தது. பச்சையம்மா போய்க் கேட்டாள்.

"இன்னாண்ணா, கல்லெல்லாம் நட்டு வெச்சிருக்க? யாரு இது?"

"வீரைம்மா."

பச்சையம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். 'கண்டக்டர் வீரனை வெச்சிருக்காரு' என்று உப்பளம் முழுக்கப் பரவிவிட்டது. வீரன் எங்கள் பக்கத்துக் காவல் சாமி. முதலில் கல்லுக்கு மஞ்சள், குங்குமம் வந்தது. பிறகு எலுமிச்சம்பழம். ஆடி மாதம் கூழ். யாரோ அடியிலேயே சூடம் கொளுத்த, கன்றில் ஒரு கிளை கருகியது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அது சாமி இல்ல, மரம்! வீரை!"

"அதத்தான நாங்களும் சொல்றோம், வீரன்னு."

"ன் இல்லம்மா, ஐ! வீ... ரை!"

"சரி, ஐயாதான். வீரய்யா" என்று பச்சையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஓடையைத் தூர்வார ஜேசிபி வந்தது. தூர்வாருவது நல்ல காரியம்தான். ஆனால் வண்டி இறங்குவதற்குக் கண்டக்டரின் கரைதான் தோது, மரங்களை வாரிப் போட்டுவிட்டுப் பாதை போடுவோம் என்றார் மேஸ்திரி. கண்டக்டர் வண்டிக்கு முன்னால் போய் நின்று ஒரு விசில் ஊதினார். டிரைவர் பழைய பஸ் டிரைவர் போலிருக்கிறது, கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது.

"இன்னா பெரியவரே, உன் பட்டா நெலமா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல."

டிரைவர் கல்லைப் பார்த்தான், மஞ்சளைப் பார்த்தான். "ஐயா, இது சாமி மரமா? சொல்லிடுங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

உப்பளத்திலிருந்து நாங்கள் எல்லோரும் ஓடிவந்து நிற்கிறோம். ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கரை பிழைத்தது. ஆனால் அவர் சொந்த மச்சானுக்கே டிக்கெட் போட்டவர். பொய் வராது.

"சாமின்னு நான் சொல்ல மாட்டேன்பா. அது வீரை."

"வீரனா!" டிரைவர் செருப்பைக் கழற்றினான்.

"ஐயோ, வீரை! வீரை!"

"அதான் அவரே சொல்லிட்டாரே, இன்னும் எத்தினி வாட்டிடா சொல்லுவாரு?" என்று நான் சத்தம் போட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். என் பின்னால் பச்சையம்மா விழுந்தாள். அவள் பின்னால் உப்பளமே விழுந்தது. மேஸ்திரி யோசித்துப் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்தார். கும்பிடாமல் நின்றவர் கண்டக்டர் ஒருவர்தான்.

"எந்திரிங்கம்மா! புங்கங்கன்னு மேல படுத்துக்கினு இருக்கீங்க!"

ஜேசிபி சுற்றிக்கொண்டு வேறு வழியாக இறங்கியது.

மறுநாள் கண்டக்டர் உப்பளத்துக்கு வந்தார். முகம் உர்ரென்று இருந்தது. "சூடம் கொளுத்தாதீங்க. கூழ் ஊத்தாதீங்க. வரும்போது ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டாங்க" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "சாமிக்குத் தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

இப்போது அந்தக் கரை உடைவதில்லை. நாவல் கிளையில் மீன்கொத்தி உட்காருகிறது. போன மழையில் எங்கள் உப்பு உப்பாகவே இருந்தது. வீரை இப்போதுதான் என் தோளுக்கு வந்திருக்கிறது. அதைப் பார்க்கக் கண்டக்டர்தான் இல்லை.

படுக்கையில் இருந்தபோது கூப்பிட்டு விசிலை என் கையில் கொடுத்தார். ஆடு வந்தால் ஒரு விசில் ஊதுகிறேன். பஸ் நிற்கிறது, டிரைவர் திட்டுகிறான். புதுக் கன்று நட்டாலும் எனக்கு ஒரு விசில்தான். இரண்டு ஊதினால் வண்டி கிளம்பிவிடும். அவர் இன்னும் ஏறவில்லையே.