மூணு செகண்ட் டீச்சர்

பாளையங்கோட்டையில் அவர் கண்ணெதிரே, இட்லியா தோசையா என்று யோசித்துத் தப்பியவர் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். ஊருக்கு அவர் மூணு செகண்ட் டீச்சர்.

நெட்பாலில் இந்தியாவுக்காக ஆடியவர். அந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் மூன்று செகண்டுக்குள் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். முழங்கால் போய், பயிற்சி கொடுக்க வந்தவர், அந்த விதியை ஊருக்கே பொதுவாக்கிவிட்டார். பேக்கரியில் எதை வாங்கலாம் என்று நின்றால் முதுகுக்குப் பின்னால் விசில் கேட்கும். ஒரு கல்யாணத்தில் போதகர் சம்மதமா என்று கேட்க, மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். மூன்றாவது பெஞ்சிலிருந்து பறந்தது விசில். மாப்பிள்ளை போட்ட 'சம்மதம்' ரோடு வரைக்கும் கேட்டது. இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், விசிலுக்குப் பயந்துதான் கட்டினேன் என்பாராம் மனுஷன்.

டீச்சருக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. இந்திய அணியோடு இன்னொரு தடவை, ஓரத்தில் நின்றாவது, மைதானத்துக்குள் போக வேண்டும். எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஒருநாள் பயிற்சி நடுவே அந்த போன் வந்தது. காதில் வைக்கிற நேரம் மிச்சம் என்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அதனால் எல்லோருமே கேட்டோம். தேசிய அணிக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை. சனிக்கிழமை டெல்லியில் இருக்க வேண்டும். அதே சனிக்கிழமை எங்களுக்கு அம்பாசமுத்திரத்தில் ஆட்டம்.

"வர முடியாது" என்று வைத்துவிட்டார். வாய் பிளந்து நின்ற எங்களைப் பார்த்து, "என்னட்டி யோசிக்க? பந்தைப் போடு" என்றார்.

அம்பாசமுத்திரம் போனால், எதிர் அணியில் பாதிப் பேருக்குப் பொன்னுக்கு வீங்கி. நாலே பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேராவது இல்லாமல் ஆட முடியாது. ஆட்டம் இல்லை என்று திரும்பியிருக்கலாம். டீச்சர் யோசிக்கவே இல்லை. கூடையில் போடுவதில் எங்களிலேயே கெட்டிக்காரியான கிரேஸை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். விட்டுக்கொடுத்து ஆடினால் தொலைத்துவிடுவேன் என்று அவளுக்கு மிரட்டல் வேறு. அந்தப் பாவி ஒரு பந்தைக்கூட விடவில்லை. நாங்கள் தோற்றோம். ஜெயித்த கிரேஸ்தான் பஸ்ஸில் எங்களில் ஒருத்தி மடியில் படுத்து அழுதுகொண்டு வந்தாள்.

டெல்லிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் டீச்சரை யாரும் கூப்பிடவே இல்லை.

ரிட்டயர் ஆனவரைப் போன மாதம் வீட்டில் போய்ப் பார்த்தேன். டிவியில் ஏதோ ஆட்டம். அதைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்கு மட்டும் நாலாவது செகண்டும் யோசிச்சிருக்கணும்ட்டி."

எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அம்பாசமுத்திரத்துக்கு வேறு நாள் சொல்லிவிட்டு, ஜங்ஷனுக்குப் போய் நாங்களே அவரை ரயிலேற்றி விட்டிருப்போம். அதை இப்போது எப்படிச் சொல்ல? யோசித்துக்கொண்டே இருந்தேன். டீச்சரின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போய் விசிலைத் தேடியது. அங்கே வெறும் சங்கிலிதான் இருந்தது. காத்திருந்தார்.

"நீங்க போயிருந்தா நாங்க அழுதுருப்போம் டீச்சர்" என்றேன்.

"இதைச் சொல்ல இம்புட்டு நேரமாட்டி?" என்று என் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவே இல்லை.